"இந்தியர் கோட்டா நிறைந்துவிட்டது" என்று முகவர் சொன்னாரா?

சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கிலிருந்து 32 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் துறைமுக வேலைக்கு வந்த குடும்பம். திருமணமாகி ஓராண்டாகிறது, பிடிஓ வீட்டின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவிடம் பதிந்து, கட்டி முடிந்ததும் பெறும் புது வீடு) சாவி கைக்கு வர இன்னும் 14 மாதம் ஆகும். இதுவரை அம்மாவின் நாலறை வீட்டில் இருந்தார்கள். அம்மா அந்த வீட்டை விற்றுவிட்டு அக்காவோடு போகப்போகிறார், அதனால் இவர்கள் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். ஏழு வீடுகளுக்குக் கேட்டதில் நான்கு இடங்களில் "என்ன இனம்?" என்ற கேள்வியோடு பேச்சு நின்றுபோனது. ஒரு வீவக வீட்டுக்கு முகவர் முதலில் "சனிக்கிழமை வந்து பாருங்கள்" என்றிருக்கிறார். பெயர்களைக் கேட்டதும் "ஓனர் இந்தியருக்குத் தரமாட்டார், சமையல் வாசனை" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். இவர் விடாமல் கேட்டதும், "அந்தப் புளோக்கில் இந்தியர் கோட்டா நிறைந்துவிட்டது, வீவக அனுமதிக்காது" என்று பேச்சை மாற்றினார்.

அன்றிரவு வாசகரின் மனைவி அந்த உரையாடலை முகவரின் படத்தோடும் கைப்பேசி எண்ணோடும் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். மேலே சீனர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரு கோபமான வரி. நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். இப்போது முகவர் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறார். வாசகர் கேட்பவை இவை: அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் வீட்டுக்காரர்மேல் வழக்குப் போடலாமா? 2025இல் நிறைவேறிய புதிய சட்டங்கள் உதவுமா? அலுவலகச் சீன நண்பர் தன் பெயரில் வாடகை ஒப்பந்தம் போட்டுத் தரத் தயாராக இருக்கிறார், அப்படிச் செய்யலாமா? அந்தப் பதிவை எடுத்துத்தான் ஆகவேண்டுமா?

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆம், இன்றிரவே எடுத்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

1998இல் நானும் என் கணவரும் வாடகைக்கு வீடு தேடினோம். தொலைபேசியை எடுத்ததுமே அவர் "நாங்கள் அதிகம் சமைக்க மாட்டோம்" என்றுதான் ஆரம்பிப்பார். சுத்தப் பொய். வீடு கிடைத்த பிறகு தினமும் இரண்டு வேளை தாளித்தோம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் கடிதத்தில் "நான் மூன்றாம் தலைமுறை" என்ற வரி நான்கு இடத்தில் வருகிறது. அதை ஏன் அத்தனை முறை எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

12ஆம் பிரிவு யாரைக் கட்டுப்படுத்துகிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவை நீங்கள் சரியாகவே படித்திருக்கிறீர்கள். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அது தொடங்குகிறது. அடுத்த உட்பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காக மட்டும் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. (பாலினம் அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பற்றித் தனியாக ஒரு பதிலே எழுதலாம்.) ஆனால் எங்கே பாகுபாடு கூடாது என்று அதே வாக்கியம் தொடர்ந்து சொல்கிறது. சட்டங்களில் கூடாது, அரசுப் பதவிகளிலும் பொது அமைப்புகளின் வேலைகளிலும் கூடாது, சொத்து, வணிகம், தொழில் தொடர்பான சட்டங்களை நடைமுறைப்படுத்துவதிலும் கூடாது.

அதாவது இந்தப் பிரிவு அரசையும் பொது அமைப்புகளையும் பார்த்துப் பேசுகிறது. நீங்கள் தமிழர் என்பதற்காக ஓர் அமைச்சு வேலை தர மறுத்தால் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். பரோட்டாக் கடைக்கு உரிமம் தர மறுத்தாலும் அப்படித்தான். ஜூரோங்கில் தன் வீட்டை வாடகைக்கு விடும் ஒரு தனிமனிதரை இந்தப் பிரிவு தொடுவதில்லை. அது வீவக வீடாக இருந்தாலும், வாடகைக்கு விடுபவர் வீவக அல்ல, அந்த வீட்டின் உரிமையாளர். ஆகவே அவர்மேல் 12ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போட வழியில்லை. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்த பிறகு இதைக் கேட்பதைவிட இப்போதே கேட்பது நல்லது.

2025இல் வந்த இரண்டு சட்டங்கள்

2021 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், வாடகைக்கு வீடு தேடும் சிறுபான்மையினர் படும் பாட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். அதே உரையில் இரண்டு சட்டங்கள் வரும் என்றார். ஒன்று வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிரானது, மற்றது இன நல்லிணக்கத்துக்கானது. இரண்டும் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. வாடகை வீட்டுக்கு மட்டும் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது அந்த இடைவெளியில்தான்.

வேலையிட நியாயச் சட்டம் முதலாளிக்கும் ஊழியருக்கும் இடைப்பட்டது. இனம், மதம், மொழித்திறன், வயது, குடியுரிமை நாடு, கர்ப்பம், உடற்குறை என்று அதன் பட்டியல் நீளமானது. 25 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. 2027 இறுதிவாக்கில் நடப்புக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். நாளைக்கு "மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்" என்று காரணமே சொல்லாத வேலை விளம்பரத்தைப் பார்த்து உங்கள் மனைவி எனக்கு எழுதினால், இந்தச் சட்டத்தைப் பற்றி நிறையப் பேசலாம். வீட்டுக்காரரிடம் இது செல்லாது.

இன நல்லிணக்கச் சட்டமும் நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. இனங்களுக்கிடையே பகையைத் தூண்டுவது, ஓர் இனத்தின் உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது போன்ற செயல்களைத்தான் அது பார்க்கிறது. வீடு தர மறுத்தது அதில் அடங்காது. ஒருவர் வெறுப்பைக் கொட்டிப் பேசினால் சட்டம் எட்டிப் பிடிக்கும். "வீடு போயிடுச்சு" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினால் பிடிக்காது. இது எனக்கும் நெருடலாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய நிலவரம் இதுதான், உங்கள் அடுத்த அடியை இதை வைத்துத்தான் எடுத்துவைக்க வேண்டும்.

முகவர் சொன்ன "கோட்டா"

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம் இது. எனக்கு உங்கள் வழக்கே இங்குதான் இருக்கிறது.

வீவகவின் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. அறிவித்தவர் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். சில பேட்டைகளில் ஒரே இனத்தவர் குவியத் தொடங்கியிருந்த நேரம்; 1964 இனக் கலவரத்தை நேரில் கண்ட தலைமுறை அதிகாரத்தில் இருந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25 விழுக்காடு என்று உச்ச அளவு வைத்தார்கள். இந்தியருக்கும் மற்றவர்க்கும் சேர்த்து 13 ஆக இருந்ததை 2010இல் 15 ஆக்கினார்கள். அக்கம்பக்கத்துக்கும் இதேபோலத் தனி அளவு உண்டு.

ஆனால் இந்த அளவு வீட்டை வாங்குவதற்கும் விற்பதற்கும் உரியது. வீவக தானே ஒதுக்கும் வாடகை வீடுகளுக்கும் பொருந்தும். ஓர் உரிமையாளர் தன் வீட்டை வெளியில் வாடகைக்கு விடும்போது இந்தியர் கோட்டா, சீனர் கோட்டா என்று எதுவும் குறுக்கே வராது. முழு வீட்டை வாடகைக்கு விடுவதில் குடிமக்கள் அல்லாதோருக்கென ஓர் உச்ச அளவு இருக்கிறது. நீங்கள் இருவரும் குடிமக்கள், அதனால் அதுவும் உங்களைத் தொடாது. ஆக, "வீவக அனுமதிக்காது" என்று அவர் எழுதியது உண்மை அல்ல. தெரியாமல் சொல்லியிருந்தால் அவருக்குத் தொழில் தெரியவில்லை. தெரிந்தே சொல்லியிருந்தால், வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு அரசின் பெயரைப் போர்த்தி மறைத்திருக்கிறார்.

வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாவிட்டாலும் முகவரைக் கட்டுப்படுத்த உண்டு. சொத்து முகவர்கள் எல்லாரும் சிஇஏ என்ற மன்றத்தில் பதிந்தவர்கள், அதன் நன்னடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். இனத்தைக் குறிப்பிட்டு ஒதுக்கும் விளம்பரம் போடக்கூடாது. வாடிக்கையாளராக இல்லாதவரிடமும் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும். அவருடைய பதிவு எண் சிஇஏவின் பொதுப் பட்டியலில் இருக்கும். வாட்ஸ்அப் உரையாடலை வெட்டாமல், தேதி தெரியும்படி முழுதாகச் சேமியுங்கள். விளம்பரத்தின் இணைப்பையும் படத்தையும் எடுத்து வையுங்கள். பிறகு இணையத்தில் புகார் கொடுங்கள். புகாரின் மையம் "எனக்கு வீடு தரவில்லை" என்பதாக இருக்க வேண்டாம். "வாடகைக்குப் பொருந்தாத ஒரு விதியைக் காட்டி என்னைத் தவறாக நம்பவைத்தார்" என்பதாக இருக்கட்டும்.

இதனால் அவர் உரிமம் பறிபோகும் என்று எண்ணிவிடாதீர்கள். அறிவுரைக் கடிதம் ஒன்றோடு முடிந்துவிடலாம். உங்களுக்கு இழப்பீடும் கிடைக்காது. ஆனால் கோப்பில் ஒரு பதிவு ஏறும், அடுத்து வருகிற ரவியிடமோ ரஹீமாவிடமோ அதே பொய்யைச் சொல்லுமுன் அவர் ஒரு கணம் யோசிப்பார்.

அம்மாவின் வீட்டைப் பற்றியும் ஒரு திருத்தம். "எங்கள் வீட்டை இந்தியருக்கு மட்டும்தான் விற்க முடியும், ஆனால் நாங்கள் சீனரிடம் வாடகைக்கு இருக்க முடியாது" என்று கசப்போடு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புளோக்கில் சீனர் அளவு நிறைந்திருப்பதால் சீனருக்கு விற்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்தியரோடு ஒரே பிரிவில் வரும் மற்றவர்கள் வாங்கலாம், மலாய்க்காரரும் அவர்களுடைய அளவு நிறையாதவரை வாங்கலாம். முகவரிடம் அதையும் சேர்த்து விளம்பரம் செய்யச் சொல்லுங்கள். அளவு ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது, இந்த மாதம் மூடியிருந்த கதவு அடுத்த மாதம் திறக்கலாம். வாங்குவோர் குறைந்தால் விலையும் குறையும், அந்தச் சுமை பெரும்பாலும் சிறுபான்மையினர் தலையில் விழுகிறது. இதை அரசாங்கமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. நீண்டநாள் முயன்றும் விற்க முடியாதவர்களிடமிருந்து வீட்டைத் தானே வாங்கிக்கொள்வது பற்றி 2022 முதல் வீவக பரிசீலிக்கிறது. நிபந்தனைகள் உண்டு, அம்மாவோடு வீவக கிளை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

அந்த ஃபேஸ்புக் பதிவு

உங்கள் மனைவியின் கோபம் நியாயமானது. பதிவு நியாயமானதா என்பது வேறு கேள்வி. அதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

முதலாவது, முகவரின் படமும் எண்ணும். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்தது. 2019இல் அதைத் திருத்தி, ஒருவரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதையும் குற்றமாக்கினார்கள். அதற்கு 5,000 வெள்ளிவரை அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். எண் அவருடைய விளம்பரத்திலேயே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், வாதாட இடம் உண்டு. ஆனால் "எல்லாரும் கூப்பிட்டு நாலு வார்த்தை கேளுங்கள்" என்று உங்கள் மனைவி எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்களே, நோக்கம் என்ன என்பதை அந்த வரியே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, சீனர்கள் அனைவரையும் பற்றிய அந்த ஒரு வரி. சற்றுமுன் சொன்ன இன நல்லிணக்கச் சட்டம் வீட்டுக்காரரை எட்டாது என்றேன். உங்கள் மனைவியை எட்டக்கூடும். காவல்துறையில் ஒருவர் புகார் கொடுத்தால், விசாரணைக்கு அழைக்கப்படுவது பாதிக்கப்பட்ட நீங்களாகத்தான் இருக்கும். இதைவிட வேதனையான திருப்பம் வேறு என்ன?

பதிவை எடுத்துவிடுங்கள். எடுக்குமுன் உங்களுக்காக ஒரு படம் எடுத்து வையுங்கள். முகவருக்குப் பதில் எழுதுவதானால் இரண்டே வரி போதும்: உங்கள் எண்ணும் படமும் இருந்த பதிவை நீக்கிவிட்டோம், உரையாடல் குறித்து உரிய இடத்தில் முறையிடுகிறோம். மன்னிப்பு, விளக்கம், வசவு எதுவும் வேண்டாம். அவதூறு வழக்கு என்று மிரட்டினால் நடுங்க வேண்டியதில்லை. அவர் எழுதியதை அப்படியே காட்டியது உண்மை, உண்மை என்பது அவதூறுக்கு எதிரான தற்காப்பு. பிறகு உங்கள் அனுபவத்தை எண், படம், இனப் பொதுமை எதுவும் இல்லாமல் மறுபடி எழுத விரும்பினால் தாராளமாக எழுதுங்கள்.

கறி வாசனை குறித்து ஓர் இந்தியக் குடும்பத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடந்த சமரசம் 2011இல் செய்தியானபோது, ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரே கறி சமைத்தது நினைவிருக்கிறதா? சீன வீடுகளிலும் சட்டி ஏறியது. அன்றைக்கு அந்தப் பிரச்சினையை உயர்த்திப் பிடித்தவர்களில் பலர் தமிழர் அல்லர். உங்கள் மனைவி எழுதிய அந்த வரியை அவர்கள் படித்தால் என்ன நினைப்பார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

நண்பர் பெயரில் ஒப்பந்தம் வேண்டாம்

நண்பரின் மனம் பெரியது, யோசனை மோசமானது. வீவக வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர், குடியிருக்கப்போகும் ஒவ்வொருவரின் விவரத்தையும் வீவகவிடம் பதிய வேண்டும். நண்பர் பெயர் பதிவாகி நீங்கள் குடியேறினால், சோதனை நாளில் நீங்கள் பதிவில்லாத குடியிருப்பாளர். வீட்டுக்காரர் அன்றைக்கே வெளியேறச் சொல்வார், முன்பணத்தை மறந்துவிடலாம். எஞ்சிய மாதங்களின் வாடகைக்காக நண்பர்மேல் வழக்கு வரும். இதுவரை தப்பு அவர்கள் பக்கம். இந்த ஒரு கையெழுத்தோடு தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

அதற்குப் பதில் மூன்று காரியம் செய்து பார்க்கலாம். வீவகவிடம் பிபிஎச்எஸ் என்ற தற்காலிக வீட்டுத் திட்டம் இருக்கிறது, புதுவீட்டுக்குக் காத்திருக்கும் தம்பதிகளுக்கானது. வருமான வரம்பு உண்டு, பிள்ளை உள்ளவர்களுக்கு முன்னுரிமை உண்டு, கிடைக்கும் பேட்டை உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். ஆனால் அங்கே உங்களுக்கு வீடு தருவது ஒரு பொது அமைப்பு. நீங்கள் தேடிய 12ஆம் பிரிவு அங்கே உங்களோடு கூடவே வரும்.

அது அமையாவிட்டால், இனிமேல் வீடு தேடும்போது உங்களுக்கென்று ஒரு முகவரை வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வீட்டு அவமானத்தையும் நீங்களே வாங்க வேண்டியதில்லை, அதை வடிகட்டுவது அவர் வேலை. மூன்றாவதாக, வேலை, வருமானம், சாவி கிடைக்கும் மாதம், எத்தனை மாத ஒப்பந்தம் என்று அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு தயாராக இருக்கட்டும். வீட்டுக்காரர்கள் பலருக்கு 14 மாத நிச்சயம் என்பது சமையல் வாசனையைவிடப் பெரிய விஷயம். "சமைக்க மாட்டோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒப்பந்தத்தில் அது ஒரு நிபந்தனையாக ஏறிவிட்டால், தீபாவளிக்கு முறுக்குச் சுடவும் பயந்து சாகவேண்டும்.

அக்கா வீட்டு விளம்பரம்

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறொரு பேச்சின் நடுவே, சென்ற ஆண்டு அக்கா வீட்டு அறைக்கு நீங்கள் விளம்பரம் எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறீர்கள். "உள்ளூர்த் தமிழர் மட்டும், ஊரிலிருந்து வந்தவங்க வேண்டாம்" என்று எழுதினீர்களாம். "அது வேற, அவங்க பழக்கம் வேற" என்று உடனே ஒரு விளக்கமும் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எடுக்கவில்லை. அக்காவும் தனிமனிதர், அவருக்கும் சட்டத் தடை இல்லை. அறையில் யார் தங்குகிறார், ஒரே சமையலறை, ஒரே குளியலறை என்பதில் ஒரு பெண்ணுக்குக் கவலை இருப்பதும் இயல்புதான். ஆனால் "அவங்க பழக்கம் வேற" என்பதைத்தானே உங்களிடமும் அந்த வீட்டுக்காரர் சொன்னார்? தஞ்சாவூரிலிருந்து வந்து சாங்கி தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு பையன் உங்கள் விளம்பரத்தைப் படித்திருப்பான். அவனுக்கு எந்தப் பேஸ்புக்கும் ஆறுதல் சொல்லியிருக்காது.

அக்காவுக்கு உண்மையில் வேண்டியது என்ன? இரவு பத்துக்குமேல் விருந்தாளிகள் வேண்டாம், மாதம் முதல் தேதி வாடகை, சமையலறையை அன்றன்றே துடைக்க வேண்டும். அதை எழுதச் சொல்லுங்கள். அம்மா அங்கே போன பிறகும் ஓர் அறை மிஞ்சினால், புதிய விளம்பரத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். சிஇஏவுக்கான புகாரை நீங்கள் எழுதி முடித்துவிட்டால் எனக்கு அனுப்புங்கள், ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.